வெள்ளை மணிப் புழுக்கள்

சடையப்ப சாமியின் ஆசிரமத்துக்குச் சோறு போட்டது தைலமரத் தோப்புதான். பதினெட்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டவர் நல்லபெருமாள், தலை நரைத்த சீடர். நேற்று வந்தவர் மாசிலாமணி, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த பாதித் தோப்பை சாமி அவரிடம் கொடுத்துவிட்டார்.

"தை பிறக்கட்டும். யார் பாதி செழிப்பா நிக்குதோ, அவரே முழுத் தோப்பையும் பார்க்கட்டும்" என்று வேறு சொல்லிவைத்தார்.

நல்லபெருமாளுக்கு வயிறு எரிந்தது. மாசிலாமணி சிரித்தால் எரிந்தது. சாமி அவர் தோளில் கை போட்டால் இன்னும் எரிந்தது. சோறு இறங்கவில்லை. கேட்பவர்களிடம் மட்டும் "தங்கமான மனுஷன்" என்பார்.

புரட்டாசியில் இரண்டு பக்கமும் இலைதின்னிப் புழு விழுந்தது. நல்லபெருமாள் கையால் பொறுக்கினார். சில புழுக்களின் முதுகில் நொய்யரிசி ஒட்டியது போல வெள்ளை மணிகள் இருந்தன. முட்டை என்று முடிவு கட்டிவிட்டார். யாரையும் கேட்கவில்லை, பதினெட்டு வருட அனுபவம் அல்லவா!

வெறும் புழுக்களை நெருப்பில் போட்டார். முட்டைக்காரிகளை மட்டும் வாளியில் சேர்த்து, மாசிலாமணி குளிக்கப் போன நேரம் பார்த்து, ஓடையைத் தாண்டி அவர் மரங்களில் விட்டார். ஒரு மாதம் இதே வேலை. அந்த மாதம் மட்டும் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

மார்கழியில் மாசிலாமணியின் பாதி தளதளவென்று நின்றது. நல்லபெருமாளின் பாதி வெறும் விளக்குமாறு.

சாமியிடம் ஓடினார். "அந்தக் கண்டக்டர் திருட்டுத்தனமா மருந்து அடிச்சிருக்கான் சாமி!"

சாமி உள்ளே போய் ஒரு கண்ணாடிப் புட்டியோடு வந்தார். வாயில் துணி கட்டியிருந்தது. உள்ளே செத்த புழு ஒன்று, உடைந்த வெள்ளை மணிகள், கொசுவை விடச் சின்னதாய்க் கருங்குளவிகள்.

"அவன் மரத்துல எடுத்தது. இந்த மணியெல்லாம் குளவியோட கூடு. தாய்க்குளவி புழுவுக்குள்ள முட்டை வைக்கும். பொரிச்சது உள்ளேயே தின்னு வளர்ந்து, வெளிய வந்து கூடு கட்டும். றெக்கை முளைச்சதும் அடுத்த புழுவைத் தேடிப் போகும்."

நல்லபெருமாள் குனிந்து புட்டிக்குள் பார்த்தார்.

"ஒண்ணுதான் புரியல" என்றார் சாமி. "கூடு சுமந்த புழு நகரவே நகராது. இத்தனையும் ஓடையை எப்படித் தாண்டிச்சு?"

"நான்தான் சாமி கொண்டுபோய் விட்டேன். அவர் தோப்பு அழியணும்னு."

சாமி கோபப்படவில்லை.

"அப்ப அவன் பாதியைக் காப்பாத்தினது நீ. முழுத் தோப்பையும் நீயே எடுத்துக்க."

ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. நல்லபெருமாளால் தலை நிமிர முடியவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. பேச்சை மாற்ற நினைத்துப் புட்டியைக் காட்டினார்.

"உள்ளேயே உட்கார்ந்து தின்னுதே சாமி, அது புழுவுக்குத் தெரியாதா?"

"அதை நீதான்பா சொல்லணும்" என்றார் சாமி.