ஃபேன் றெக்கையில பூத்த பூ

ஒரு ஊர்ல ஒரு ஃபேன் மெக்கானிக் இருந்தா. பேரு ஜெபக்கனி. ஓடாத ஃபேனை அவ கையில குடுத்தா போதும், கழட்டுவா, உள்ள செம்புக் கம்பிக் காயில் சுத்துவா, மாட்டுவா, சர்ர்ருனு ஓடிரும். கேட்டுக்கிட்டே 'ம்' சொல்லுறியா? சரி.

அவ கடைக்கு எதுத்தாப்புல ஒரு பார்க். நடுவுல தண்ணி பீச்சாத ஒரு பழைய நீரூத்து. ஊஞ்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல, யாரும் அங்க போறதும் இல்ல. அதனால சேர்மன் சுந்தரவடிவு அம்மா என்ன சொன்னாங்கன்னா, இதை இடிச்சிட்டு வண்டி நிறுத்துற இடமாக்கிரலாம்னு சொல்லிட்டாங்க.

ஜெபக்கனிக்கு மனசே ஆறல. அந்த நேரம் பாத்து கடையில ஒரு ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதுக்குப் பின்னால ஒரு பல்பு. செவுரெல்லாம் வெளிச்சமும் நெழலும் குதியா குதிக்குது. அவ வேலைய விட்டுட்டு அதையே பாத்தா. பாத்துக்கிட்டே சிரிச்சா. அப்புறம் நேரா போயி, "அம்மா, எனக்கு மூணு நாள் குடுங்க. அந்த ஊத்துல ஒரு பூ செஞ்சு வைக்கிறேன், ஊரே வரும்"னு கேட்டா. சேர்மன் அம்மா யோசிச்சாங்க. மூணு நாள், அதுக்கு மேல ஒரு நாள் கூட இல்லன்னாங்க.

அப்போ அவ கடையில கெடந்த பழைய றெக்கை நாப்பத்தெட்டையும் எடுத்தா. ஒவ்வொண்ணுலயும் டிர்ர் டிர்ர்னு ஓட்டை போட்டா. ஓட்டையில செவப்பு, பச்சை, மஞ்சள்னு கலர் கண்ணாடிக் காகிதம் ஒட்டுனா. எல்லாத்தையும் ஊத்து நடுவுல ஒரு கம்பத்து உச்சியில, மொட்டு மாதிரி குவிச்சுக் கட்டுனா. உள்ள பல்பு. மொட்டு சுத்திக்கிட்டே விரியணும், அதான் அவ கணக்கு.

முத நாள் சாயங்காலம் சுவிட்சைப் போட்டா. ம்ர்ர்ர்ர்... டொக். அவ்வளவுதான். ஃபேன் மோட்டாருக்கு அம்புட்டு பாரத்தை அசைக்கத் தெம்பு இல்ல.

ரெண்டாம் நாள் கெணத்து மோட்டாரைக் கொண்டாந்து மாட்டுனா. விர்ர்ர்ர்ர்ருனு பாரு, பூ ஒரே வீச்சுல விரிஞ்சு பேயாச் சுத்துது. வேடிக்கை பாக்க வந்த கடலைக்காரரோட காகிதமெல்லாம் பறக்குது. ஒருத்தர் வேட்டி பறக்குது, அவர் அது பின்னால ஓடுறாரு. சேர்மன் அம்மா குடை படக்குனு திரும்பி அவங்க தலையிலயே கவுந்துக்கிச்சு. குடைக்குள்ள இருந்தே, நாளைக்கு இடிக்க லாரி வருதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ம்?... ஆமா, பாவந்தான். அழுதா. நல்லா அழுதா.

மூணாம் நாள் காலையில வீட்டுல கடமுடா கடமுடான்னு சத்தம். அவ மாமியார் அன்னப்பாக்கியம் கிரைண்டர்ல மாவு ஆட்டுறாங்க. ஜெபக்கனி குனிஞ்சு பாத்தா. அடியில மோட்டார் வேகமா ஓடுது, மேல அம்புட்டுப் பெரிய கல்லு மெதுவா, மெதுவா சுத்துது. மாமியார் கறிவேப்பிலை வாங்கப் படி இறங்குனாங்களோ இல்லையோ, இவ அதைக் கழட்டித் தூக்கிட்டு ஓட்டம்.

சாயங்காலம் ஆச்சு. அந்தப் பக்கம் லாரி வந்து நிக்குது. இந்தப் பக்கம் மாமியார், மிச்சத்தை ஆட்டுக்கல்லுல ஆட்டிட்டு, கையெல்லாம் உளுந்து மாவோட வர்றாங்க.

"ஏட்டி, என் கிரைண்டர் எங்க?"

"பூவுக்குள்ள இருக்கு, அத்தை."

சொல்லிட்டு, கண்ணை மூடிக்கிட்டு சுவிட்சைப் போட்டா. கட... முடா... கட... முடா... மொட்டு அசைஞ்சுச்சு. ஒரு இதழ் விரிஞ்சுச்சு. அப்புறம் இன்னொண்ணு. சுத்திக்கிட்டே, விரிஞ்சுக்கிட்டே, ஓட்டை வழியா ஆயிரம் கலர் பொட்டு கீழ கொட்டுது. மரத்து மேல, லாரி மேல, கடலைச் சட்டி மேல எல்லாம் ஊருது. மாமியாரோட வெள்ளைச் சேலையில செவப்பு ஓடுது, பச்சை ஓடுது. அவங்க அதைப் பிடிக்கப் போயி சுத்துனாங்க, திரும்பச் சுத்துனாங்க, தலை கிறுகிறுத்து பொத்துனு புல்லுல உக்காந்து, அப்படியே சாஞ்சு படுத்துட்டாங்க. ஜெபக்கனி பயந்து ஓடுனா. பாத்தா, அவங்க சிரிக்கிறாங்க.

"படுத்துப் பாருட்டி. இங்க இருந்து பாத்தாத்தான் முழுசாத் தெரியுது"ன்னாங்க.

கடலைக்காரர் படுத்தார். லாரி டிரைவர் இறங்கி வந்து படுத்தார். தெருவுல போனவங்க வந்தாங்க, வந்தவங்க படுத்தாங்க. கடைசியில சேர்மன் அம்மாவும் செருப்பைக் கழட்டித் தலைமாட்டுல வச்சுட்டுப் படுத்தாங்க. பூ ஒரு தடவை முழுசா விரிஞ்சு மூடுற வரைக்கும் பாத்தாங்க. அப்புறம், லாரிய அனுப்பிருங்கன்னு மட்டும் மெதுவாச் சொன்னாங்க. டிரைவர், இன்னொரு சுத்து பாத்துட்டுப் போறேம்மான்னாரு.

கிரைண்டரைக் கழட்டித் தரவான்னு ஜெபக்கனி கேட்டா. நாளையில இருந்து மாவு கடையில வாங்கிக்கலாம்னு மாமியார் சொல்லிட்டாங்க.

இப்போ அந்த ஊர்ல தெனமும் சாயங்காலம் எல்லாரும் புல்லுல படுத்துக்கிட்டு மேல பாப்பாங்க. பூ விரியும், சுத்தும், அப்புறம் இதழ் இதழா மெதுவா மூடும்... ஒண்ணு... இன்னொண்ணு...

ம்?

உன் 'ம்' சத்தத்தைக் காணோம். சரி, பூவும் மூடிருச்சு, கதையும் மூடிருச்சு. நீயும் மூடிக்கோ, கண்ணு.