நான்கு புள்ளி உத்தரவு

மூன்று நாளாக விடாத மழை. செங்குளம் ஜமீனின் பெரிய ஏரி எந்த நேரமும் உடையலாம் என்ற நிலை. ஜமீன்தார் இருப்புக் கொள்ளாமல் வாசலுக்கும் அலுவல் நடக்கும் கச்சேரிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

மடைக்காரர் இருளப்பனுக்கு உத்தரவு எழுதியவர் தலைமை எழுத்தர் அம்பலவாணர். பக்கம் முழுக்க ஒரே வாக்கியம்; அதில் அவருக்குத் தனிப் பெருமை. அதைப் படித்த இருளப்பன் எந்த மடையைத் திறப்பதென்று தெரியாமல் விழித்தார்.

அம்பலவாணர் நகல் எழுதும் மாசாணத்திடம் திரும்பினார்.

"இந்த ஆளுக்குப் புரிகிற மாதிரி நகல் எடு. ஆனால் நான் எழுதியதில் ஓர் எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முடியாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

மாசாணம் எழுத உட்கார்ந்தார். ஒவ்வொரு வேலையையும் புது வரியில் தொடங்கி, முன்னால் பெரிய புள்ளி வைத்தார். நான்கு வேலை, நான்கு புள்ளி. இருளப்பன் ஒரு பார்வை பார்த்தார். நான்கு விரல்களை மடக்கிக்கொண்டு ஏரிக்கு ஓடினார்.

"என் வாக்கியத்தை வெட்டிவிட்டான்!" என்று கத்தினார் அம்பலவாணர்.

"எழுத்தைத் தொடலைங்க. மூச்சுவிட இடம்தான் விட்டேன். எண்ணிப் பாருங்க."

எண்ணினார்கள். ஓர் எழுத்தும் பிசகவில்லை. அதற்குள் மடை திறந்த இரைச்சல் கேட்டது.

ஜமீன்தார் நிம்மதியாக உட்கார்ந்தார். "அம்பலவாணரே, உம்முடைய உத்தரவில் மூன்றாவது வேலை என்ன?"

அம்பலவாணர் தம் தாளை மேலும் கீழும் துழாவினார். பிறகு அவர் கை மெல்ல மாசாணத்தின் நகலை இழுத்தது.