சாமித் துப்பாக்கி

காரைமேட்டு ஜமீனில் துப்பாக்கி வைத்திருப்பவன் எவனும் அதை அரண்மனைக்குக் கொண்டுவந்து ஒரு தரம் சுட்டுக் காட்ட வேண்டும். வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டில் ஒவ்வொரு துப்பாக்கியும் தன் தழும்பை விட்டுவிடும். அந்தக் கூடுகளைப் பேர் எழுதி அடுக்கி வைக்க ஜமீன்தார் ஒரு மாளிகையே கட்டினார். கண்மாய்க் கரைக்கு வைத்திருந்த பணம் அதில் போயிற்று.

அங்கே பெருக்குகிறவள் ஒச்சம்மா. விறகுக்குப் போன அவள் புருஷனைக் காட்டில் யாரோ சுட்டுப் போட்டார்கள். பக்கத்தில் கிடந்த கூட்டை எடுத்துக்கொண்டு ஜமீன்தார் முன்னால் வந்து நின்றாள்.

"மாளிகைதான் இருக்கே! மூன்று நாளில் இதற்கு ஜோடியைக் கண்டுபிடி. இல்லையென்றால் ஊரைவிட்டுப் போ."

பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து ஆயிரத்து நானூறு கூட்டையும் பார்த்து முடித்தாள்.

"கிடைத்ததா?" என்று மூன்றாம் நாள் சபையில் கேட்டார் ஜமீன்தார்.

"இல்லீங்க எசமான். ஆனா மாளிகை வீணில்ல. சுடாதவுக ஆயிரத்து நானூறு பேரையும் பேரோட காட்டிக் குடுத்துருச்சு."

சபையில் ஒருவன் சிரித்துவிட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

"அப்படியானால் சுட்டது யார்?"

"இங்க கொண்டாந்து காட்டாத துப்பாக்கி எதுன்னு எசமான்தான் சொல்லணும்."

எல்லார் கண்ணும் ஜமீன்தாரின் தலைக்கு மேலே போயிற்று. அவருடைய வேட்டைத் துப்பாக்கி, ஆயுதபூசைக்கு வைத்த சந்தனப் பொட்டோடு அங்கே தொங்கியது. பூசை வாங்கியதைச் சோதனைக்குச் சுடக்கூடாது என்று விலக்கு எழுதியவரும் அவர்தான்.

"அது சாமித் துப்பாக்கி" என்றார்.

"ஆமாங்க. அதான் எம் புருசன நேரா சாமிகிட்டயே அனுப்பிருச்சு."

மறுநாள் மாளிகையைப் பெருக்க வேறொருத்தி வந்தாள்.