கடைசி வரிசைப் பெயர்கள்

இந்தக் கதையில் குருவுக்குத் தாடி கிடையாது. தாடி சிஷ்யருக்குத்தான், அதுவும் நரைத்த தாடி. குருவின் பெயர் கிளாடிஸ், வயது முப்பத்தைந்துக்கு மேல் போகாது. பழைய தேவாலயங்களில் பேச்சு தெளிவாகக் கேட்கும்படி ஸ்பீக்கர் அமைத்துக் கொடுப்பது அவள் வேலை. சிஷ்யர் லாசர், கல்யாணத்துக்கும் கொடியேற்றத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊரையே செவிடாக்கிய பழைய மைக் செட்காரர். குழாய்க்குத் தடை வந்து பிழைப்பு படுத்ததும் அவளிடம் வந்து சேர்ந்தார். முதலில் கேலியாகத்தான் 'குரு' என்று கூப்பிட்டார். பிறகு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இப்போது இருவரும் வந்திருந்தது லாசரின் சொந்த ஊருக்கு. கடற்கரையில் கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிற கோயில். அங்கே தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். கூரை எக்கச்சக்க உயரம். பீடத்திலிருந்து ஒரு சொல்லைச் சொன்னால் அது மேலே போய், நிதானமாக இறங்கி, அடுத்த சொல்லின் தலைமேல் உட்காரும். முன்வரிசைக்காரர்களுக்குப் பிரசங்கம் கிடைக்கும். பின்னால் இருப்பவர்களுக்கு இரைச்சல்தான்.

கோயில் கமிட்டித் தலைவர் விக்டர் மோத்தா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அவர் வாங்கிக் கொடுத்த பெரிய ஸ்பீக்கர்கள் எட்டு இருக்கின்றன, இன்னும் எட்டு மாட்டினால் தீர்ந்தது. லாசருக்கும் அது நியாயமாகவே பட்டது. கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டு என்பதுதான் வாழ்நாள் முழுக்க அவர் நம்பிய வேதம்.

வேலை தொடங்கிய அன்றே மீன் விற்கிற அமலோற்பவம் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவள் மகன் ரெமிஜியுஸ் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள் இல்லையா, அதில் சேர்த்து வாசிக்கச் சொல்லி மாதம் தவறாமல் அவன் பெயரைக் கொடுத்து வந்தாள். ஒரு தடவைகூட அது அவள் காதில் விழவில்லை. வருகிற சனிக்கிழமை முதலாண்டுப் பூசை. அன்றைக்காவது காதாரக் கேட்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றாள்.

லாசருக்கு மனம் இளகிவிட்டது. அன்று ஒரு நாளாவது முன்வரிசையில் வந்து உட்காரும்படி சொன்னார்.

"எதுக்கு? எம் மவன் எங்கூடக் கடைசி வரிசையிலதான் உக்காந்தான். அவன் பேரு அங்க வரட்டும்."

சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகு லாசருக்கு ஒரு சந்தேகம் வந்தது. மோத்தா கிளப்பிவிட்ட சந்தேகம்தான் அது.

"குரு, பின்னால ஒண்ணுமே கேக்கலன்னு சொல்லுதாங்க. ஆனா ஜெபத்துக்கு எல்லாரும் கணீர்னு பதில் சொல்லுதாங்களே. கேக்காம எப்படிப் பதில் வரும்?"

கிளாடிஸ் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாயங்காலம் ஜெபமாலைக்குக் கடைசி வரிசையில போய் உக்காருங்க" என்றாள்.

அன்று மாலை மைக்கைச் சோதிக்க வேண்டும் என்று பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கி, ஜெபமாலையை அவளே முன்னின்று சொன்னாள். பாதி ஜெபத்தை அவள் சொல்ல, மீதியைச் சனங்கள் முடிக்க வேண்டும். லாசர் கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். முழக்கம் வந்தது, நின்றது. "தூய மரியே, இறைவனின் தாயே" என்று எல்லாரோடும் சேர்ந்து முடித்தார். மறுபடி வந்தது, நின்றது, முடித்தார். ஜெபமாலையில் நாலைந்து மணிகள் இப்படி உருண்டிருக்கும். திடீரென்று தன் குரலும் பின்வரிசைக் குரல்களும் மட்டும் தனியாக ஒலிப்பது அவருக்குத் தெரிந்தது. கண்ணைத் திறந்தார். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. மோத்தா எழுந்து நின்றிருந்தார், முகம் சிவந்து.

ஜெபம் முடிந்ததும் லாசர் ஓடி வந்தார். "அப்படி என்ன சொன்னீங்க?"

"முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர்."

"பஸ் நிக்கிற ஊரா?"

"ஆமா. ராகம் மாத்தல. நீங்களும் பக்தியா முடிச்சுக் குடுத்தீங்க."

லாசருக்கு வெட்கமாகப் போய்விட்டது. மனப்பாடமான ஜெபத்துக்குக் காது எதற்கு? தெரியாத ஒன்று வந்தால் அல்லவா காதுக்கு வேலை.

"சத்தம் பத்தலையா, அண்ணாச்சி?"

"சத்தம் தாராளமா இருந்துச்சு. சொல்லுதான் இல்ல."

மோத்தா குதித்தார். ஜெபத்தைக் கேலி செய்தவளை உடனே அனுப்ப வேண்டும் என்றார். அவளுக்காகத் தானே பாவப்பரிகாரம் செய்துகொள்வதாகவும், வேலை நடக்கட்டும் என்றும் சாமியார் சொன்னார். அவருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரிய பரிகாரமாக இருந்தது.

கிளாடிஸ் புதிதாக எட்டு மாட்டவில்லை. இருந்த எட்டையும் இறக்கினாள். கூரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தவை அவை. அவற்றுக்குப் பதிலாகத் தூணுக்குத் தூண் சின்ன ஸ்பீக்கர்களை, உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தபடி சாய்த்துக் கட்டினாள். சத்தத்தையும் குறைத்து வைத்தாள். மோத்தாவின் ஸ்பீக்கர்கள் அவர் பெயரைத் தாங்கியபடி வாசலோரம் குந்தியிருந்தன. அவர் எவ்வளவோ மிரட்டிப் பார்த்தார். அவள் ஏணியை விட்டு இறங்கவே இல்லை.

சனிக்கிழமை பூசையில் பிரசங்கம் கடைசி வரிசைவரை வந்தது. அங்கே வழக்கமாகத் தூங்குகிறவர்களுக்குத்தான் சிரமம். பிறகு இறந்தவர்களின் பெயர்களை வாசிக்க மோத்தா மைக்குக்கு வந்தார். அது கமிட்டித் தலைவரின் உரிமை. பக்கத்துத் தூணடியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் இருந்த லாசர் திரும்பிப் பார்த்தார். அமலோற்பவம் முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

மோத்தா நிறுத்தி நிதானமாக நாலு பெயர்களை வாசித்தார். நாலும் முன்வரிசைக் குடும்பங்களின் பெயர்கள். பிறகு, "மற்றும் நம்மை விட்டுப் பிரிந்த அனைவருக்காகவும்" என்று முடித்தார். எழுத்து எழுத்தாகக் கேட்டது.

லாசருக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை மாதமும் அந்தப் பெயர் வழியில் தொலைந்துபோகவில்லை. அது கிளம்பவே இல்லை.

அமலோற்பவம் எழுந்து நின்றாள். "எம் மவன் பேரு வரல" என்றாள்.

மோத்தா காதில் வாங்காதவர்போல அடுத்த மன்றாட்டைத் தொடங்கினார். அவள் ஏதோ சொன்னாள், அது மோத்தாவின் குரலில் அமுங்கிப்போனது. அவர் லாசரைப் பார்த்துக் கட்டைவிரலை மேலே உயர்த்திக் காட்டினார். சத்தத்தைக் கூட்டு. பழகிய கை, தானாகவே திருகுக்குப் போனது. லாசர் குருவைப் பார்த்தார். குரு அவரைப் பார்க்கவில்லை, கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாசர் திருகை மறுபக்கம் கடைசிவரை திருப்பினார்.

மோத்தாவின் உதடு மட்டும் அசைந்தது. கூரையில் மிச்சமிருந்த முழக்கம் இறங்கி அடங்கும்வரை அமலோற்பவம் காத்திருந்தாள்.

"ரெமிஜியுஸ்."

மைக் இல்லாமல் அந்தப் பெயர் கோயிலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனது. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்து தன் புருஷன் பெயரைச் சொன்னாள். அடுத்து இன்னொருத்தி. அடுத்து ஒரு கிழவர். ஒவ்வொரு பெயரும் அடங்கிய பிறகே அடுத்தது எழுந்தது. பீடத்தில் சாமியார் தலையைக் குனிந்தபடி, எல்லாப் பெயரும் முடியும்வரை காத்து நின்றார்.

பூசை முடிந்ததும் மோத்தா நேராக ஆம்ப்ளிஃபயரிடம் வந்தார்.

"யாரக் கேட்டுல மைக்க அணைச்ச?"

"யாரையும் கேக்கல. நாந்தான் அணைச்சேன்" என்றார் லாசர். அவரிடம் லாசர் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

மோத்தா கிளாடிஸ் பக்கம் திரும்பினார். அந்த எதிரொலியில் பெயர்களை எல்லாம் வாசித்தால் பூசை எப்போது முடியும், எப்படியும் பின்னால் யாருக்கும் கேட்காது என்றுதான் வாசிக்காமல் விட்டேன் என்றார். பாதியிலேயே குரல் தடுமாறியது. அதை மறைக்கத்தான் இன்னும் கோபப்பட்டார்.

"எல்லாருக்கும் கேக்க வைக்கத்தான உன்னக் கூப்பிட்டோம்? மைக்க அணைக்கவா இவனுக்குச் சொல்லிக்குடுத்த?"

கிளாடிஸ் கம்பியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "கடைசி வரிசையில சொன்னது முதல் வரிசைக்குக் கேட்டுச்சா?"

மோத்தா திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"அப்ப எங்க வேல முடிஞ்சுது. ஏணிய எடுங்க, அண்ணாச்சி."