சுவரில் தொங்கிய பலகை

முறுக்கு விற்கும் பேச்சித்தாய்க்கு வலது கண்ணில் புரை. அரசுக் காப்பீட்டு அட்டையோடு ஊரிலுள்ள கண் ஆஸ்பத்திரியெல்லாம் ஏறி இறங்கியவள், கடைசியில் ஓர் ஆஸ்பத்திரி ஹாலில் பெரிய பலகையைப் பார்த்து டாக்டர் அறைக்குள் போனாள்.

"இந்தக் கார்டு இங்க செல்லாது. பணம் கட்டினாத்தான் ஆபரேஷன்," என்றார் டாக்டர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"சரிங்கய்யா. என் நல்ல கண்ணையாவது சோதிச்சிருங்க."

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியே ஹால் சுவரைப் பார்த்து உரக்கப் படித்தாள்:

"இங்கு அரசுக் காப்பீட்டு அட்டை ஏற்கப்படும்."

பிறகு அப்பாவியாகக் கேட்டாள்: "சரியாப் படிச்சேனாய்யா? இல்ல, இந்தக் கண்ணும் போச்சா?"

"சரியாத்தான் படிச்சே தாயி!" என்று ஹாலே பதில் சொன்னது.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு கார்டுக்குக் கை நீட்டினார். அதற்குள் ஹாலில் ஒவ்வொருவராகத் தங்கள் கார்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.