உள்ளங்கையில் ஒரு தணல்

திருக்கற்குளத்துக் கோயில் மடைப்பள்ளியில் சாம்பல் அள்ளுவது பிச்சியம்மையாரின் தொழில். ஆறு அடுப்புகளையும் வழித்துக் கூடையில் சுமந்து போய்க் கொட்டுவார். கூடை காலியானதும் ஆடவல்லான் சந்நிதியின் வெளிவாசலில் நின்று, "இன்னைக்கு யாரை அனுப்புறே சாமி?" என்று கேட்பார். அதுதான் அவருடைய வழிபாடு.

அரசர் பணிக்காக ஊர் மாற்றி அனுப்பப்பட்ட கணக்கரோ காவலரோ குடும்பத்தோடு வந்து இறங்கினால், எதிர்கொண்டு அழைப்பவர் அம்மையாரே. எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், மருத்துவச்சி வீடு எது, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று கூடவே நடந்து காட்டுவார். கடைசியில் தம் அடுப்பிலிருந்து ஒரு தணலை எடுத்து அவர்கள் அடுப்பில் இடுவார். அவ்வூர் வழக்கம் அது. ஊர்க்காரர் ஒருவரின் அடுப்புத் தீயைப் பெற்றவரே ஊரார். மூன்றாம் நாள் உச்சிமணிக்குள் அது கிடைக்காதவர் வெளியேற வேண்டும்.

ஒரு கோடையில் கோபுரம் எழுப்ப ஏழு கல்தச்சர் குடும்பங்கள் தெற்கிலிருந்து வந்தன. தங்கள் வேலை பறிபோகும் என்று உள்ளூர்க் கல்தச்சர் கொதித்தனர். அவர்களின் தலைவன் காரி, ஒருவரும் தீ கொடுக்கக்கூடாது என்று தெருத்தெருவாக மிரட்டினான். முதல் நாள் அம்மையார் கொண்டுபோன தணலைத் தட்டி மிதித்தான். இரண்டாம் நாள் அவருடைய முன்பற்கள் இரண்டை உடைத்தான். தடுக்க வந்த சாத்தன் என்னும் தெற்கத்தித் தச்சன் மண்டை உடைந்து படுத்த படுக்கையானான்.

சாத்தனின் மனைவி எயினி பிள்ளை பெற்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. வந்த ஏழு குடும்பங்களுக்கும் அவள் வீட்டு அடுப்பே பொது அடுப்பு.

"நாங்க போயிடறோம்க்கா. ஒங்களைக் கொன்னே போட்டுடுவானுங்க."

"இந்த வெயில்ல பச்சைப் புள்ளையத் தூக்கிட்டு எங்கடி போவே? ரெண்டு பேரும் வழியிலயே செத்துப்போவீங்க. அடுப்புல சுள்ளியை வச்சிட்டுக் காத்திரு."

மூன்றாம் நாள் உச்சி நெருங்கியது. காரியின் ஆட்கள் அம்மையாரின் குடிசைக்குள் புகுந்து சட்டிகளை நொறுக்கினர். அடுப்பில் குடத்து நீரைக் கவிழ்த்தனர்.

"ஏ சாம்பக்காரி! இப்ப என்னத்தைக் கொண்டுபோவே? ஈரச் சாம்பலையா?" என்று காரி சிரித்தான்.

அடுப்பு மூலையில் ஒரு தணல் மட்டும் அணையாதிருந்தது. உடைந்த ஓட்டில் அம்மையார் அதை ஏந்தினார். காரி தடியால் ஓட்டைத் தட்டிவிட்டான். தரையில் உருண்ட தணலை அவர் இடக்கையால் எடுத்து விரல்களை மூடிக்கொண்டார். சதை கருகும் வாடை எழுந்தது.

"நீ ஏந்துற தீதானே சாமி" என்று சொல்லி நடந்தார்.

தடிகள் முதுகில் விழுந்தன, தோளில் விழுந்தன. வலக்கை முறிந்து தொங்கியது. இடக்கை திறக்கவில்லை. எயினியின் வாசலில் காரி ஓங்கி அடித்த அடியில் தலை பிளந்து உள்ளே விழுந்தார். விழுந்தபடியே அடுப்பை நோக்கிக் கையை நீட்டி விரல்களைப் பிரித்தார். சுள்ளி பற்றியது. அப்போதுதான் உச்சிமணி அடித்தது.

மணி ஓயுமுன் ஊரின் எல்லா அடுப்புகளும் அணைந்தன. கருவறை விளக்கும் அணைந்தது. தீக்கடைகோலை எத்தனை கடைந்தும் பொறி பறக்கவில்லை. எயினியின் அடுப்பு ஒன்றே எரிந்தது. பொழுது சாய்வதற்குள் ஊரே சட்டியோடு அவள் வாசலில் நின்றது. முன்னால் நின்றவள் காரியின் மனைவி.

எயினி எழவில்லை. அம்மையாரின் முகத்தைப் பார்த்தாள்.

"கொடுடி" என்றார் அவர், இரத்தம் துப்பி. "அவ வீட்லயும் புள்ளைங்க பசியோட இருக்கும்."

காரி தடியைக் கீழே போட்டான்.

அந்தத் தீயால் சந்நிதி விளக்கை ஏற்றிய குருக்கள் அலறினார். ஆடவல்லானின் தீயேந்தும் இடது உள்ளங்கையில், செப்புத் திருமேனியில், கொப்புளம் எழுந்திருந்தது. ஓடிப்போய் அம்மையாரின் இடக்கையைப் பிரித்துப் பார்த்தனர். அதில் ஒரு வடுவும் இல்லை.

முறிந்த வலக்கை மட்டும் கடைசிவரை நிமிரவில்லை. ஒற்றைக் கையால் கூடை சுமந்து, வருவோரை எதிர்கொண்டே அவர் வாழ்ந்தார். இறைவன் தன் கையாக ஏற்றுக்கொண்ட அந்தக் கை, வந்தவர்க்கெல்லாம் ஊரைத் தந்த கை, அது வாழ்க.