நடுத்துளை விலகிய கட்டில்

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை வல்லபசிங்கன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பதைவிட, எல்லாரையும் பாடாய்ப் படுத்தினான் என்றால் பொருத்தமாக இருக்கும்.

வேட்டைக்குப் போன இடத்தில், கழற்றி மாட்டும் கட்டிலில் ராஜா ஒருநாள் சாய்ந்தான்; கட்டிலும் கூடவே சாய்ந்தது. ஒரு கட்டிலின் காலை வேறொன்றில் மாட்டியிருந்தார்கள். துளைகள் பொருந்தாததால், காலையும் சட்டத்தையும் பிணைக்கும் மரமுளை பாதிதான் இறங்கியிருந்தது. உருண்டு எழுந்த ராஜா உறுமினான்.

"இனிமேல் எந்தக் காலும் எந்தக் கட்டிலுக்கும் பொருந்த வேண்டும்! இல்லையென்றால் தச்சன் கட்டைவிரலை வெட்டிவிடுவேன்!"

தச்சன் மருதாசாரி தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டான். கட்டைவிரல் இல்லாத தச்சனுக்குச் சோறு ஏது? மந்திரி அம்பலவாணர்தான் வழி சொன்னார். ஒரு பித்தளைத் தகட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று துளை. காலோ, சட்டமோ, எதுவானாலும் தகட்டை மேல்விளிம்போடு சேர்த்துவைத்து அதன் துளை வழியாகவே துளைக்க வேண்டும். அளக்கிற வேலையே இல்லை.

மந்திரி நல்ல பெயர் வாங்கினால் அரண்மனை அதிகாரி ரத்தினராயருக்கு வயிறு எரியும். வேலை தொடங்குமுன்பே, நடுத்துளை சற்றுக் கீழே விலகிய வேறொரு தகட்டை வைத்துவிட்டு, நல்ல தகட்டைக் குளத்தில் வீசிவிட்டார் மனிதர்.

எல்லாவற்றையும் துளைத்து முடித்தபிறகுதான் மருதாசாரி அதைக் கவனித்தான். மந்திரியிடம் ஓடினான்.

"சாமி, தகட்டை யாரோ மாத்திட்டாங்க! நடுத்துளை விலகியிருக்கு. என் விரல் போச்சுங்க!"

"காலுக்கும் சட்டத்துக்கும் இதே தகடுதானே வச்சே?"

"ஆமாங்க, எல்லாத்துக்கும்."

மந்திரி சிரித்தார். "அப்போ போய் வயிறாரச் சாப்பிடு. இதை யார்கிட்டயும் மூச்சு விடாதே."

சோதனை நாளில், ராஜாவின் சபையில், ராயர் தாமே கால்களைக் கொட்டிக் கலக்கினார். "எங்கே, இப்போது மாட்டு பார்க்கலாம்!"

மருதாசாரி கைக்கு வந்த காலை எடுத்து மாட்டினான். முளை சிக்கென்று உள்ளே போனது. அடுத்ததும் அப்படியே. எல்லாக் கட்டில்களும் ஆடாமல் நின்றன.

ராயர் துள்ளிக் குதித்தார். "அதெப்படி? நடுத்துளைதான் விலகியிருக்கிறதே!"



"எனக்கும் ஆசாரிக்கும் மட்டும் தெரிந்தது உமக்கு எப்படித் தெரிந்தது ராயரே?" என்றார் மந்திரி. "மகாராஜா, தகட்டை மாற்றியவர் வாயாலேயே மாட்டிக்கொண்டார். தகடு தப்புதான். ஆனால் காலிலும் அதே தப்பு, சட்டத்திலும் அதே தப்பு. இரண்டு துளையும் நேருக்கு நேர் நின்றால் முளைக்கு என்ன கஷ்டம்?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். மருதாசாரிக்குப் பொற்காப்பு போட்டான். மந்திரிக்குப் பட்டுச் சால்வை போர்த்தினான். பிறகு ராயர் பக்கம் திரும்பினான்.

"இனி வேட்டைக்கு நீரும் வருவீர். என் கட்டிலை நீரே மாட்டி, முதலில் நீரே படுத்துக் காட்டும்!"

வெளியே வந்த மருதாசாரி கட்டைவிரலை மடக்கி நீட்டிப் பார்த்தான். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு.

அதன்பிறகு ஒவ்வொரு வேட்டைக்கு முன்னாலும் பட்டறை வாசலில் ஒருவர் வந்து நிற்பார். "ஆசாரி, தகடு பத்திரமா இருக்கா?" என்று கவலையோடு கேட்பார். வேறு யார், நம்ம ராயர்தான்!